ஏழாவது பாரம்

ஜெபாவுக்கு அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய ஏழாவது பாரம் போன திங்கட்கிழமை கூரியரில் வந்தது. இரண்டாம் பதிப்பு போகிறது, இந்தப் பகுதியில் மட்டும் எழுத்துப்பிழை மலிந்திருப்பதாக வாசகர்கள் சொல்கிறார்கள், நீங்களே பார்த்துத் திருத்திக் கொடுத்துவிடுங்கள் என்று மேலே ஒரு துண்டுச் சீட்டு. கூடவே, நாய்ப் பிரியர்கள் தவறவிடக் கூடாத புத்தகங்கள் என்று யாரோ இணையத்தில் போட்ட பட்டியலையும் அச்செடுத்து வைத்திருக்கிறாய். அதில் மூன்றாவதாக உன் புத்தகம், அதற்குக் கீழே பச்சை மையில் கோடு. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்குக் கை வரவில்லை. பட்டியலில் பெயர் வந்திருக்கிறது, நீ நலமாகத்தான் இருப்பாய். நான் எப்படி இருக்கிறேன் என்பதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன், பொறுமையாக வாசி.

திருத்தங்கல் அச்சகத்தில் நான் புரூப் பார்க்க உட்கார்ந்தபோது நீ இரண்டு வயதுப் பிள்ளை. ராகுகாலம், எமகண்டம் எதையும் பார்க்காத ஒரு கிறிஸ்தவச்சி வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் ராகுகாலம் திருத்துகிறாளே என்று உன் அப்பா கடைசி வரைக்கும் என்னைக் கேலி செய்தார். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசு லேபிள், பள்ளிக்கூடக் குறிப்பேடு என்று எது வந்தாலும் என் கண்ணைத் தாண்டித்தான் மிஷினுக்குப் போகும். உனக்கு நாய்ப் பைத்தியம் பிடித்ததும் என்னால்தான். பிள்ளைகளுக்கான ஒரு நாய்க்கதை எங்களிடம் அச்சானது. மை பிசிறி வேஸ்டாகப் போன பாரங்களை மடித்து உனக்காகக் கொண்டுவந்தேன். பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம் என்று நீ ஒன்பது வயதிலேயே தெரிந்துகொண்டாய். அதில் ஒரு பாரம் கிடைக்கவில்லை. இரண்டு நாள் அழுதாய், அப்புறம் விட்டுப்போன பதினாறு பக்கத்தையும் நீயே இட்டுக்கட்டிச் சொல்ல ஆரம்பித்தாய். நான் கை தட்டினேன், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லவும் வைத்தேன். என் மகன் இல்லாததைக்கூட எவ்வளவு அழகாகச் சொல்கிறான் என்று பெருமைப்பட்ட முட்டாள் நான்.

அந்த வருஷம்தான் விருதுநகரிலிருந்து பேப்பர் லோடு ஏற்றி வந்த லாரியில், கட்டுகளுக்கு நடுவில் ஒரு நாய்க்குட்டி சுருண்டு கிடந்தது. டிரைவர் அதைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, "அக்கா, இதும் லோடுல வந்ததுதான், கணக்குல சேத்துக்கோங்க" என்று என் மேஜையில் விட்டார். நீ அதற்கு லோடு என்றே பெயர் வைத்தாய். இன்றைக்கு உன் வாசகர்கள் உருகுகிறார்களே, என்ன ஒரு பெயர் என்று, அந்தப் பெயர் அப்படி வந்தது. இதை மட்டும் உன் புத்தகத்தில் மாற்றாமல் எழுதியிருக்கிறாய். முதல் பதிப்புக்கு நீ அனுப்பிய முதல் ஆறு பாரத்தையும் நான் திருத்தும்போது எத்தனை இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன் என்று உனக்குத் தெரியாது.

ஏழாவதை அப்போது நீ அனுப்பவில்லை. எட்டாவது வந்தது, ஒன்பதாவது வந்தது. போன் போட்டுக் கேட்டேன். "அந்தப் பாரத்த மட்டும் புஸ்தகமா வந்ததும் படிங்கம்மா. அது உங்களுக்கும் கருப்பசாமி மாமாவுக்கும் நான் வச்சிருக்கது" என்றாய். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நீ கல்லூரிக்குப் போன வருஷம், எனக்கு எல்லாம் தெரியும் என்று உன்னிடம் சொன்னேன், நீ என் மடியில் விழுந்து அழுதாய், என்றைக்காவது நானே மாமாவிடம் போய்ச் சொல்வேன் என்று சத்தியம் செய்தாய். அந்தச் சத்தியத்தைத்தான் அச்சில் நிறைவேற்றப் போகிறாய் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் நம் தெருவில் குடியிருந்த அந்தக் கருப்பசாமி அண்ணனைப் பஸ் ஸ்டாப்பில் பார்த்தபோது, "அண்ணே, ஜெபா புஸ்தகத்துல உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கு" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு வந்தேன்.

புத்தகம் வந்தது. தொண்ணூற்றேழாம் பக்கத்தைத் திருப்பினேன். 'வெள்ளிக்கையன்' என்று ஒருவன் வருகிறான். பட்டாசுக் கம்பெனியில் அலுமினியப் பொடி அப்பிய கையோடு திரிகிறவன், நாயைக் கண்டால் பல்லைக் கடிக்கிறவன், தீபாவளிக்கு முந்தின நாள் அதன் வாலில் சரவெடி கட்டிக் கொளுத்துகிறான். நாய் வெந்துபோய் உன்னிடம் ஓடி வருகிறது, விடியும் நேரத்தில் உன் மடியில் உயிரை விடுகிறது. பதினாறு பக்கம். எனக்கு முதலில் கண்ணில் பட்டது எழுத்துப்பிழைதான், பாவி மனம் அப்படிப் பழகிவிட்டது. 'கறுகிய' என்று இருந்தது, 'கருகிய' என்று வர வேண்டும். அதைப் பென்சிலால் சுழித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்பதே உறைத்தது. பிழை பார்க்க ஒரு ஆள் இருக்கிறாள் என்று தெரிந்து, அந்த ஆளிடமிருந்து அந்தப் பாரத்தை மறைத்து, அதற்குப் பரிசு என்று பெயரும் வைத்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுதும்போது ஒரு வேகத்தில் எழுதிவிட்டாய் என்றால்கூட மன்னிப்பேன். இது வேகத்தில் செய்தது இல்லை.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கடிதத்தை நீ மட்டும் வாசிக்கப் போவதில்லை. அந்த சீசனில் ஒரு கம்பெனியின் சரவெடி லேபிளில் ஒரு பிழையை விட்டுவிட்டேன். 'சரவெடி' என்பது 'சரவேடி' என்று அச்சாகிவிட்டது. ஒற்றைக்கொம்பு வர வேண்டிய இடத்தில் இரட்டைக்கொம்பு. ஆர்டர் முழுக்கத் திரும்பி வந்தது, லேபிள் அவ்வளவும் குப்பைக்குப் போனது. அதற்கு முன்னால் மாதிரிக்கென்று ஒட்டிய ஒரே ஒரு பெட்டியை அந்தக் கம்பெனி மேனேஜர் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "இந்தாங்கம்மா, உங்க சரவேடி. நீங்களே வெடிச்சுக்கோங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார். வெட்கத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, கிறிஸ்துமஸுக்கு ஆகட்டும் என்று பீரோ மேல் வைத்தேன். அதைத்தான் நீ எடுத்தாய். உனக்குப் பதினோரு வயது. தெருப் பிள்ளைகள் பந்தயம் கட்டினார்கள், நீ லோடின் வாலில் கட்டினாய். உன் அப்பா ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை ஷிப்டில் இருந்தார். நான் வேலை முடிந்து தெருவுக்குள் நுழையும்போது சத்தம் கேட்டது.

நாய் உன்னிடம் ஓடி வரவில்லை, ஜெபா. கருப்பசாமி அண்ணன் வீட்டுக்குத்தான் ஓடியது. நம் வீட்டுக்கு எதிரே இரண்டாவது வீடு. தினமும் வேலை முடிந்து வந்ததும் வெளிக்குழாயில் அந்த வெள்ளிக் கையைச் சவுக்காரம் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுவார், கழுவி முடித்தால்தான் மூன்று வயது மகள் முத்துமாரியைத் தூக்குவார். அவர் கழுவி முடிக்கும் வரை லோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும், பொடி நெடிக்குத் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அன்றைக்கும் அவர் குழாயடியில் நின்றார். வெடித்துக்கொண்டே வந்த நாயைக் கட்டிப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார், அவர் முன்கை வெந்தது. ஆட்கள் கூடி வந்து பார்த்தபோது அவர் வீட்டு வாசலில் புகை, அவர் கையில் நாய். வெடிக்காரன் வீட்டு வாசலில் வெடி வெடித்தால் வேறு யாரைச் சொல்வார்கள்? கம்பெனி வாசலில் தடவிப் பார்க்காமல் ஒரு ஆளையும் வெளியே விட மாட்டார்கள், ஒரு துண்டுத் திரியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர முடியாது என்பது நம் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. தெரிந்தும் சொன்னார்கள். "நான் வைக்கல, பிள்ளை மேல சத்தியமா நான் வைக்கல" என்று இரண்டு முறை சொன்னார். அவருக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர் உன்னைக் கூப்பிட்டு, "ஏலே, நீ பாத்தியா?" என்று கேட்டார். நீ, "மாமா வீட்டுக்கிட்ட இருந்துதான் சத்தம் வந்துச்சு" என்றாய். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பதினோரு வயதில் எவ்வளவு சாமர்த்தியம்.

அந்த நேரத்தில் என் காலடியில் ஒரு லேபிள் துண்டு கிடந்தது. பாதி எரிந்து போயிருந்தது, மிச்சம் 'ரவேடி' என்று இருந்தது. உலகத்தில் அந்த இரட்டைக்கொம்பு ஒட்டிய பெட்டி ஒன்றுதான், அது என் பீரோ மேல் இருந்தது. நான் குனிந்து எடுத்தேன், கைக்குள் மடக்கினேன், வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டேன். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன்னை அடிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பிள்ளை பேர் கெட்டுவிடும், சபையில் பேசுவார்கள், அச்சகத்தில் மறுபடியும் அந்தப் பிழையைச் சொல்லிச் சிரிப்பார்கள் என்று மூன்று காரணம் வைத்திருந்தேன். மூன்றில் எது பெரிது என்று இப்போது யோசித்தால் கூசுகிறது. பத்தே நாளில் அவரை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றும்போது லோடும் போய் வண்டியில் ஏறிக்கொண்டது. அவர் என்னைப் பார்த்தார். "வரேங்குது. கூட்டிட்டுப் போகட்டுமாக்கா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அதற்கப்புறம் அவர் அதைச் சைக்கிளில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்து போட்டு, பாதி வாலோடு நான்கு வருடம் வைத்து வளர்த்தார். நீ ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. நான் போகச் சொல்லவும் இல்லை.

புத்தகத்தை வாசித்த அன்றே உனக்குப் போன் போட்டேன், நினைவிருக்கிறதா? என்னலே இது என்று கேட்டேன். முதலில், கதை என்றால் அப்படித்தான் என்றாய். பிறகு, "நாயச் சுட்டவன் எழுதுன நாய்ப் புஸ்தகத்த எவன்மா வாங்குவான்?" என்றாய். கடைசியில் என் வாயை அடைக்கிற மாதிரி ஒன்று சொன்னாய். "அன்னைக்கு நீங்கதானே சும்மா இருந்தீங்க? நான் என்ன புதுசா செஞ்சிட்டேன்?" நான் போனை வைத்துவிட்டேன். நீ சொன்னது உண்மை என்பதால்தான் வைத்தேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் செய்த ஈனத்தனத்தை நீ எப்போது கையில் எடுத்தாய்? நீ உண்மையை எழுத வேண்டிய நேரத்தில் என்னை மறந்தாய், நீ தப்பிக்க வேண்டிய நேரத்தில் என்னை நினைத்துக்கொண்டாய். பெற்றவளை அதற்குத்தான் வைத்திருக்கிறாயா?

உன் பட்டியலில் இருந்த மற்றப் புத்தகங்களில் நான்கை விருதுநகர் நூலகத்தில் தேடி எடுத்து வாசித்தேன். நாய்ப் பிரியர்களுக்கு அப்படி என்னதான் வேண்டியிருக்கிறது என்று பார்க்கலாம் என்றுதான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள், ஒன்றில் நான் அழக்கூட அழுதேன். ஆனால் நான்கிலும் நாய் செத்துப்போகிறது, மூன்றில் யாரோ ஒரு கெட்ட மனிதன் வருகிறான், எழுதியவர் ஒருத்தரும் நாய்க்கு ஒரு கெடுதல் செய்ததில்லை. உலகத்தில் நாய்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் இவ்வளவு நல்லவர்களும் எங்கே இருந்தார்கள் என்று தோன்றுகிறது. ஒரே ஒரு புத்தகத்தில், கோபத்தில் தன் நாயைக் கல்லால் அடித்ததை ஒருத்தர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். அந்த அரைப் பக்கத்துக்காக அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தது. உன்னுடையது அந்த மாதிரி இருந்திருக்கலாம், ஜெபா. கையில் வைத்திருந்ததை விட்டுவிட்டாய்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்தால் வாசலில் கருப்பசாமி அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். மடியில் உன் புத்தகம். எழுத்துக்கூட்டிக் கடைப் பெயர் வாசிப்பாரே தவிர புத்தகம் வாசிக்க வராது என்பது உனக்குத் தெரியும். முத்துமாரி இப்போது விருதுநகரில் நர்ஸ். வீட்டில் இரண்டு நாய் வளர்க்கிறாள். அந்தப் பட்டியலைப் பார்த்து, நாய்ப் பிரியை ஆயிற்றே என்று கூட வேலை பார்க்கிற பெண் உன் புத்தகத்தைப் பிறந்தநாளுக்குக் கொடுத்திருக்கிறாள்.

"எனக்குன்னு ஒண்ணு இருக்குன்னீகள்லக்கா. எம் மக வேற மாதிரி சொல்றா. நீங்க வாசிங்க, எங் காதால கேட்டுக்கிறேன்" என்றார்.

எங்கள் வேலையில் ஒருத்தர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க இன்னொருத்தர் புரூப்பைப் பார்ப்பது ஒரு வழக்கம். வாசிக்கிறவர் கமா, புள்ளி, கேள்விக்குறி எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அர்த்தம் பார்த்தால் பிழை தப்பிவிடும், அதனால் அர்த்தம் பார்க்கக் கூடாது. நான் அப்படித்தான் வாசித்தேன். வேறு மாதிரி வாசிக்க எனக்குத் திராணி இல்லை. 'வெள்ளிக்கையன் சிரித்தான் புள்ளி. அவன் கண்ணில் இரக்கம் இல்லை கமா, மனிதத்தன்மை இல்லை புள்ளி.' பதினாறு பக்கமும் வாசித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "லோடு செத்துப்போச்சுன்னா எழுதிருக்கான்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பமே செத்துருச்சுன்னா?" என்று இன்னொரு தரம் கேட்டார். அப்புறம்தான் சொன்னார்.

"முத்துமாரி அதுகூட ஓடியாடி வளந்த பிள்ளைக்கா. அதனால செத்ததுன்னு எழுதுனத அவ நம்பல. மத்தத நம்பிட்டா. 'சுட்டது நீங்க, அந்தப் பாவத்துக்குத்தான் வச்சு வளத்தீங்களாப்பா'ன்னு கேக்குறா. நான் அதுக்குச் சோறு போட்டதெல்லாம் இப்ப எனக்கே சாட்சியா வந்து நிக்கி."

நான் சொல்லிவிட்டேன். பீரோ மேல் இருந்த பெட்டி, இரட்டைக்கொம்பு, பந்தயம், அடுப்பில் போட்ட துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் தேற்றுவார், பிள்ளை அறியாமல் செய்ததுதானே என்பார் என்று எனக்குள் ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. எழுந்து நின்றார். "அம்புட்டுப் பேரு சுத்தி நிக்கையில ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லக்கா. ஒத்த வார்த்த" என்றார். நான் காலில் விழப் போனேன், தள்ளி நின்றுகொண்டார். "எங்கிட்ட எதுக்கு? எனக்குத் தெரியும் நான் வைக்கலன்னு. எம் மககிட்ட வந்து சொல்லுங்க."

அன்றைக்கே பஸ் ஏறிப் போனோம். பஸ்ஸில் அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். முத்துமாரி எல்லாவற்றையும் கேட்டாள். உன்னைத் திட்டவில்லை, என்னைத் திட்டவில்லை. அவள் அப்பாவின் முன்கையில் இருந்த தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம், "வாயால சொன்னத எத்தன பேருக்கு நான் போய்ச் சொல்ல முடியும் அத்தே? அவங்க அச்சுல சொல்லிருக்காங்க" என்று கேட்டாள். வீட்டுக்கு வந்தேன், இரண்டு வாரம் என்ன செய்வது என்று தெரியாமல் கிடந்தேன். அப்போதுதான் உன் கூரியர் வருகிறது, பிழை திருத்திக் கொடுங்கள் என்று. என் கையாலேயே அந்தப் பொய்க்கு ஒற்றும் கொம்பும் சரிபார்த்துத் தரச் சொல்கிறாய்.

திருத்த மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு பாரத்தையும் நான் இப்படித் திருப்பி அனுப்பியதில்லை. இதை நீயே மறுபடி எழுது. நாயைக் கட்டியது யார், பொய் சாட்சி சொன்னது யார், லேபிளை மறைத்தது யார் என்று எழுது, என் பேரைப் போட்டே எழுது, எனக்கு வெட்கம் பார்க்கிற வயது போய்விட்டது. அப்படி எழுதினால் பட்டியலிலிருந்து உன் பேரை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தால் எடுக்கட்டும். எழுத மாட்டேன் என்றால் அதற்கும் நான் ஒரு ஏற்பாடு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தை இரண்டு படி எழுதி, இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை முத்துமாரியிடம் கொடுத்துவிட்டேன். யாருக்கு வேண்டுமானாலும் அவள் காட்டலாம், எங்கே வேண்டுமானாலும் அச்சுக்குக் கொடுக்கலாம். பெற்ற அம்மாவே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று உனக்குத் தோன்றும். தோன்றட்டும், அது எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். உன் மேல் பாசம் போய்விட்டதா என்று கேட்காதே. போயிருந்தால் இவ்வளவு நீளம் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை, அது எப்போது வரும் என்றும் தெரியவில்லை.

தபாலில் சேர்ப்பதற்கு முன்னால் உன் படியையும் முத்துமாரியே ஒரு முறை வாசித்தாள். தப்பு ஏதும் இருந்தால் திருத்து என்று என் பேனாவைக் கொடுத்தேன். ஓர் இடத்தில்தான் கை வைத்தாள். அவள் அப்பா லோடை வளர்த்ததை எழுதும்போது 'நான்கு வருடம்' என்று போட்டிருந்தேன். அதைச் சுழித்து ஓரத்தில், 'நாலு வருசம் எட்டு மாசம்' என்று எழுதியிருக்கிறாள். நான் அதைச் சரிபார்க்கவில்லை. கூட இருந்தவளுக்குத் தெரியும்.

அம்மா